சிப்ஸ் போகும், மட்டிப்பழம் போகாது

மக்களே, கல்ஃபிலோ ஆஸ்திரேலியாவிலோ வேலை பார்க்கும் மாமாவும் அத்தையும் விடுமுறை முடிந்து கிளம்பும்போது பெட்டி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து வீடுகளில் இது வருடந்தோறும் நடக்கிற வேலை. ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, ஒரு சீப்பு மட்டிப்பழம், ஆச்சி மரத்திலிருந்து ஒடித்துக் கொடுத்த கறிவேப்பிலை எல்லாம் ஒரே பெட்டிக்குள் போகும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்வரை கவலையில்லை. இறங்குகிற நாட்டில் பெட்டியைத் திறந்து பார்க்கிற அதிகாரி, சிப்ஸை விட்டுவிட்டு மட்டிப்பழத்தையும் கறிவேப்பிலையையும் மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழமாயிற்றே என்று சொன்னாலும் நடக்காது.

அவர் பார்ப்பது ருசியை அல்ல. இந்தப் பொருளில் முளைக்கிற, பொரிக்கிற, பெருகுகிற ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். இந்த ஒரு கேள்வி கையில் இருந்தால் நீங்களே பெட்டியைச் சோதித்துவிடலாம்.

முதலில் சிப்ஸ். ஏத்தங்காயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். கடையில் சிப்ஸ் போடுகிறவரைக் கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். சீவிய காய் நன்றாகக் காய்ந்த தேங்காய் எண்ணெயில் விழுந்ததும் பெரும் சத்தம் எழும்பும். எண்ணெயின் சூடு 160, 170 டிகிரி செல்சியஸுக்கு மேல். தண்ணீரோ 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும்; ஆவியானால் அதன் பருமன் சுமார் 1,700 மடங்கு பெருகும். அந்த ஆவி காயைத் துளைத்துக்கொண்டு வெளியே பாய்கிறது. நீங்கள் காண்கிற குமிழி, கேட்கிற சத்தம் எல்லாம் அந்த ஆவிதான். கடைசியில் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை எண்ணெயில் தெளிப்பார்கள். மறுபடி ஒரு இரைச்சல். அதுவும் அடங்கியபின்தான் அரிகரண்டியால் கோரி எடுப்பார்கள். கடிகாரத்தைப் பார்க்காமல், சத்தம் அடங்குவதை வைத்தே காயில் தண்ணீர் தீர்ந்ததைக் கண்டுபிடிக்கிற அந்தக் கைப்பழக்கம் எனக்கு எப்போதும் பெரிய வித்தையாகவே தோன்றும்.

அந்தச் சூட்டில் பூச்சி முட்டை, புழு, பூஞ்சை எதுவும் பிழைக்காது. பிறகு வந்து ஒட்டுகிற கிருமிக்கும் அங்கே வாழ வழியில்லை. கிருமி பெருக அதற்குப் பயன்படுகிற தண்ணீர் வேண்டும். அதை 0 முதல் 1 வரையிலான ஓர் அளவுகோலால் அளக்கிறார்கள். 0.6-க்குக் கீழே போனால் எந்த நுண்ணுயிரும் பெருகாது. நல்ல மொறுமொறுப்பான சிப்ஸ் அதற்கும் வெகு கீழே இருக்கும். ஆகவே சிப்ஸ் செத்த உணவு. சுங்கத்துக்குப் பிடித்ததும் அதுதான்.

முந்திரிக்கொத்துக்கு வருவோம். பெயரில்தான் முந்திரி, உள்ளே இருப்பது வறுத்துப் பொடித்த சிறுபயறும் கருப்பட்டி அல்லது சர்க்கரைப் பாகும் தேங்காயும். பச்சைச் சிறுபயறு ஒரு விதை. அதை அப்படியே வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால் கேள்வி வரும், வறுத்தால் கதை வேறு. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பிடி பச்சைப் பயறு, வீட்டுப் பெரியவர்கள் மணம் வர வறுத்துக் கொடுத்த இன்னொரு பிடி. இரண்டையும் இரவு ஊறவைத்து, தனித்தனி ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டாம் நாள் ஒரு முடிச்சில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். மற்றதில் ஒன்றும் இராது, விட்டால் ஊசிப்போகும். சூடு உள்ளேயிருந்த கருவைக் கொன்றுவிட்டது. இதே கணக்கில் பாருங்கள்: ஈத்தாமொழித் தேங்காயும் ஒரு விதைதான், கொஞ்சம் பெரிய விதை.

பச்சைத் தானியத்தில் வேறொரு சங்கடமும் உண்டு. கப்ரா வண்டு என்று ஒன்று, நம் தெற்காசியப் பக்கத்தைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. அதன் புழு சாக்குத் தையலிலும் பெட்டி இடுக்கிலும் புகுந்துகொண்டு, இரை இல்லாமலே வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இந்த வண்டு உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவர அமெரிக்கா அனுமதிப்பதில்லை. ஒரு கிலோ பொன்னி அரிசிக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கோபப்படுகிறவர்கள் அந்தப் புழுவை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கறிவேப்பிலைக் கதை இன்னும் பெரிது. கறிவேப்பிலைச் செடியும் எலுமிச்சை, ஆரஞ்சும் ஒரே குடும்பம். கறிவேப்பிலைக் கொழுந்தில் 3, 4 மில்லிமீட்டர் நீளமுள்ள சின்னப் பூச்சி ஒன்று, பின்பக்கத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாறு உறிஞ்சும். ஆசியாவைச் சேர்ந்த எலுமிச்சைத் தத்துப்பூச்சி அது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்குப் பசுமைநோயை உண்டாக்கும் பாக்டீரியாவை மரத்துக்கு மரம் சுமந்துபோவது இதுதான். நோய் பிடித்த மரத்தில் காய் கோணலாகி, கசந்து, பழுக்காமலே உதிரும், மருந்து கிடையாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1998-இல் இந்தப் பூச்சியைக் கண்டார்கள். 2005-இல் நோயும் வந்தது. அடுத்த 20 வருடத்தில், இடையில் அடித்த புயல்களும் சேர்ந்து, அந்த மாநிலத்தின் ஆரஞ்சு விளைச்சல் பழைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. தலைமுறை தலைமுறையாக ஆரஞ்சு வளர்த்த குடும்பங்கள் தோட்டத்தை விற்றுவிட்டுப் போயின. ஆச்சி கொடுத்த ஒரு கொத்து பச்சை இலையைப் பார்த்து அங்குள்ள அதிகாரி பதறுவது இதனால்தான்.

பெட்டிக்குள் இருப்பதை அதிகாரிக்குக் காட்டிக்கொடுப்பது பல இடங்களில் நாய். அமெரிக்காவில் 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் பீகிள் இன நாய்களை இதற்குப் பழக்கத் தொடங்கினார்கள். மோப்பம் கூர்மை, உருவம் சிறிது, குழந்தைகளும் பயப்படாது. 2022 ஜூலையில் இந்தோனேசியாவின் பாலித் தீவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் வந்திறங்கிய ஒருவரின் பையில், முட்டையும் மாட்டிறைச்சியும் வைத்த ரொட்டி இரண்டும் பன்றியிறைச்சி வைத்த ரொட்டி ஒன்றும் இருந்தன. சிண்டா என்ற மோப்ப நாய் கண்டுபிடித்தது. படிவத்தில் சொல்லாமல் கொண்டுவந்ததால் அபராதம் 2,664 ஆஸ்திரேலிய டாலர். அப்போது இந்தோனேசியாவில் கோமாரி பரவிக்கொண்டிருந்தது. மாடு, ஆடு, பன்றிகளுக்கு வரும் அந்த நோயின் வைரஸ் இறைச்சியிலும் பாலிலும் ஒளிந்து பயணம் போகும். நம் நாட்டிலும் கோமாரி உண்டு. ஆகவே பால்கோவா மாதிரிப் பால் இனிப்புகளுக்கும் பல நாடுகளில் தடை இருக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களின் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கைப் பாருங்கள். மீன்குழம்போடு நாம் தின்கிற இந்தக் கிழங்கே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். கிழங்கு வந்து ஊர்க்காரனாகிவிட்டது. அதன் எதிரியான மாவுப்பூச்சி தென் அமெரிக்காவிலேயே தங்கியிருந்தது. 1970-களில் அது ஆப்பிரிக்காவில் நுழைந்தது. இந்தப் பூச்சிக்கு ஆண் துணையே வேண்டாம். தனியாகவே முட்டையிட்டுப் பெருகும். நடவுக் கம்பில் ஒன்று ஒட்டியிருந்தால் போதும். பல கோடிப் பேரின் அன்றாட உணவு ஆட்டம் கண்டது. 1981-இல் பராகுவேயில் அந்தப் பூச்சியையும், அதன் உடலுக்குள் முட்டையிடும் ஒரு குட்டிக் குளவியையும் கண்டுபிடித்தார்கள். குளவியின் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் விஞ்ஞானி ஆப்பிரிக்காவெங்கும் அந்தக் குளவியைப் பரப்பினார். 1995-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே மாவுப்பூச்சி 2020-இல் நம் பக்கத்துக் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டது. பிறகு தமிழ்நாட்டு மரவள்ளித் தோட்டங்களிலும் பரவியது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியை வரவழைத்தது. உதவிக்கு வந்த குளவியானாலும் அதையும் அடைத்து வைத்துச் சோதித்து, வேறு எதற்கும் கேடு செய்யாது என்று உறுதியான பின்னரே 2022-இல் வயலில் விட்டார்கள்.

பெட்டியில் இன்னும் இரண்டு பொருள்களைச் சொல்லிவிட வேண்டும். குருமாவுக்குப் போடும் கசகசா, அபின் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் அதற்குத் தடை. போதைப்பொருள் சட்டத்தில் சிக்கி நம்மவர்கள் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். மசாலாப் பொட்டலத்தில்கூட அது இருக்கக்கூடாது. இன்னொன்று கொப்பரை. இது சுங்கத்தின் விஷயம் அல்ல, விமானத்தின் பாதுகாப்பு. கொப்பரையின் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்லச் சேரும்போது சூடு பிறக்கும். ஈரம் இருந்தால் பூஞ்சையும் சூட்டைக் கூட்டும். குவியலுக்குள் அந்தச் சூடு அடைபட்டுப் போனால் தானே தீப்பிடிக்கலாம். ஆபத்தான பொருள்களின் ஐ.நா. பட்டியலில் கொப்பரைக்கு 1363 என்று ஓர் எண்ணே இருக்கிறது.

கொண்டுபோகிற பலகாரம் கடையில் அடைத்த பாக்கெட்டாக இருந்தால் நல்லது. ஏன்? மேலே ஒட்டிய சீட்டில் என்னென்ன சேர்த்திருக்கிறது, எங்கே செய்தது என்று அதிகாரி படித்துக்கொள்ளலாம். செய்தித்தாளில் மடித்த பொட்டலம் வாய் திறந்து பேசாது. விமானத்தில் பாக்கெட் உப்பிக்கொண்டால் கெட்டுப்போய்விட்டது என்று பயப்படவேண்டாம். உயரே பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி மலையில் இருக்கிற அளவுதான். உள்ளே அடைத்த காற்று அதனால் விரிகிறது.

இறங்குமுன் கொடுக்கிற படிவத்தில் உணவு இருக்கிறதா என்று கேட்டிருந்தால், மாமாவை 'ஆம்' என்றே போடச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் காட்டினால் பெரும்பாலும் அந்தப் பொருள் மட்டும்தான் போகும். மறைத்தால் அபராதம். நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால், பெட்டி கட்டுமுன் போகிற நாட்டின் சுங்கத்துறை இணையதளத்தை மாமாவோடு உட்கார்ந்து பாருங்கள். அவர் திரும்பி வரும்போது அங்கிருந்து பூச்செடிக் கம்போ விதையோ கேட்டு வைத்திருக்கிறீர்களா? இந்தியாவிலும் தாவர இறக்குமதிக்கென 2003-ஆம் ஆண்டின் ஓர் ஆணை நடப்பில் இருக்கிறது. அங்கே நோயில்லை என்று கொடுத்த சான்றும் இங்கே வாங்கிய அனுமதியும் இல்லாமல் அவற்றைக் கொண்டுவரக்கூடாது. அவருக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.