வாயில்லாச் சீவனின் வயிற்றுக்கு எந்த மருந்து?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மெல்பேர்ணின் தென்கிழக்கே டண்டினோங் பகுதியில் வசிக்கும் நண்பர் ஒருவர் தமது பதினொரு வயது மகளுடன் எமது வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. அதனுள் மூன்று மருந்துப் பெட்டிகள். அவற்றை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, "சேர், இதில எது எங்கட நாய்க்கு நல்லது எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

நாம் ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் கற்பித்தது வரலாறு. உயிரியலுக்கும் எமக்கும் இருந்த உறவு பாடசாலையில் தவளையை வெட்டியதோடு முடிந்துவிட்டது. ஆயினும் புலம்பெயர்ந்த சமூகத்தில் ஒருவர் முன்னாள் விரிவுரையாளர் என்று அறியப்பட்டுவிட்டால், விசாக் கடிதம் முதல் வீட்டு வாடகை ஒப்பந்தம் வரை ஆங்கிலத்தில் உள்ள அனைத்தையும் வாசித்துக் கொடுக்கும் கடமை அவர் தலையில் விழுந்துவிடுகிறது. நாய் மருந்து மட்டும் இதற்கு விலக்காக இருக்க முடியாதல்லவா?

விடயம் இதுதான். விலங்குக் காப்பகம் ஒன்றிலிருந்து அவர்கள் எடுத்து வந்த நாய்க்கு, வந்த நாள் தொட்டு வயிறு சரியில்லை. இரண்டு நாள் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் வயிற்றோட்டம். வாடகை வீட்டின் கம்பளம் பழுதாகிறது. வீட்டுக்காரரிடம் கட்டிய முற்பணம் திரும்பக் கிடைக்காது என்ற அச்சம் தாய்க்கு. "இந்த மாதத்துக்குள் சுகம் வராவிட்டால் காப்பகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம்" என்று அவர் சொல்லிவிட்டார். கடல் வழியாக வந்து, பன்னிரண்டு ஆண்டுகளில் ஆறு வீடு மாறிய குடும்பம் அது. பிள்ளைக்கு நிலையான தோழர் என்று வாய்த்தது அந்த நாய் ஒன்றுதான். அவள் எம்மிடம் எதுவும் பேசவில்லை, பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாயகத்தில் இப்படி ஒரு கேள்வி எழுந்திராது. அங்கு நாய் வளவில் கிடந்தது. மிச்சச் சோற்றைத் தின்றது. வயிறு சரியில்லையென்றால் வேலியோரம் போய்ப் புல்லைக் கடித்துவிட்டு வந்தது. இங்கு அது வீட்டுக்குள் வந்துவிட்டது. விக்ரோறியா மாநிலத்தில் 2020 மார்ச் முதல், வாடகைக்கு இருப்போர் செல்லப்பிராணி வளர்ப்பதைத் தகுந்த காரணமின்றி வீட்டு உரிமையாளர் மறுக்க முடியாது என்று சட்டம் மாறிய பின்னர், எம்மவர் வீடுகளிலும் நாய்கள் பெருகிவிட்டன. அதுபோன்ற ஒரு விதி 2025 மே மாதத்தில் சிட்னி அடங்கிய நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் நடைமுறைக்கு வந்தது.

அப்பெட்டிகளில் இருந்தவை புரோபயோட்டிக் எனப்படும் பொருட்கள். அதாவது குடலுக்கு நன்மை செய்யும் எனக் கருதப்படும் உயிருள்ள பற்றீரியாக்கள். இந்தச் சிந்தனை புதிதன்று. 1908 இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய விஞ்ஞானி மெச்னிக்கோவ், பல்கேரிய மக்களின் நீண்ட ஆயுளுக்கு அவர்கள் உண்ணும் புளித்த பாலே காரணம் என்று நம்பினார். 1930 இல் ஜப்பானிய மருத்துவர் மினோரு ஷிரோட்டா ஒரு குறிப்பிட்ட பற்றீரியா வகையைப் பிரித்தெடுத்தார். அதிலிருந்து பிறந்த யக்குல்ட் பானத்தின் அவுஸ்திரேலியத் தொழிற்சாலை 1994 முதல் இயங்கிவருவது, எமது நண்பர் வசிக்கும் அதே டண்டினோங்கில்தான். ஆனால் யக்குல்ட் மனிதருக்கென்று சீனி சேர்த்துச் செய்யப்பட்டது. வயிற்றோட்டம் உள்ள நாய்க்கு அதைப் பருக்குவது உசிதமன்று. நண்பரின் மனைவி அதையும் முயன்று பார்த்திருந்தார்.

தயிர் கொடுத்தால் என்ன என்று பலர் கேட்கக்கூடும். பாலைத் தயிராக்கும் பற்றீரியாக்கள் பாலில் வளர்வதில் வல்லவை; நாயின் குடலில் தங்கி வாழ்வதற்கென்று தெரிந்தெடுக்கப்பட்டவையல்ல. சிறிதளவு வெறுந்தயிர் பெரும்பாலான நாய்களுக்குத் தீங்கு செய்யாது. எனினும் பாலில் உள்ள இலக்ரோசு ஒத்துக்கொள்ளாத நாய்களும் உள்ளன. அதை உணவென்று கொள்ளலாமேயன்றி மருந்தென்று கொள்ளலாகாது.

உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் 2001 இல் கூட்டிய நிபுணர் குழு இதற்கு ஒரு வரைவிலக்கணம் தந்தது. உயிருடன் இருக்கவேண்டும், போதிய அளவில் கொடுக்கப்படவேண்டும், அதனால் உடல்நலத்துக்கு நன்மை விளையவேண்டும் என்பன அதன் மூன்று நிபந்தனைகள். எமது மேசையில் இருந்த பெட்டிகளை இந்த மூன்றையும் கொண்டே நாம் நோக்கினோம்.

முதலாவது பெட்டியில் அழகிய நாயின் படமும் "நன்மை தரும் பற்றீரியாக்கள் நிறைந்தது" என்ற வாசகமும் மட்டுமே இருந்தன. எந்தப் பற்றீரியா, எத்தனை, எந்தத் திகதி வரை உயிருடன் இருக்கும் என்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதை நாம் ஒதுக்கி வைத்தோம். கனடாவில் 2011 இல் வெளியான ஓர் ஆய்வில் 25 புரோபயோட்டிக் பொருட்கள் பரிசோதிக்கப்பட்டன. சீட்டும் ஒழுங்காக இருந்து, சீட்டில் கூறிய அளவு உயிர்ப் பற்றீரியாவும் உள்ளே இருந்தவை இரண்டே இரண்டு! கடைத் தட்டின் முன் நிற்கும் வாசகர்கள் இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்திருப்பது நன்று.

இரண்டாவது, மருந்துக் கடையில் விலைக்கழிவில் வாங்கிய, மனிதருக்கான மெல்லும் மாத்திரை. பில்லியன் கணக்கில் பற்றீரியா உண்டென்று பெருமையாக அச்சிட்டிருந்தார்கள். நாம் கவனித்தது பெரிய எழுத்தையல்ல, பின்புறத்தில் இருந்த சிறிய எழுத்தை. மனிதருக்கான மெல்லும் மாத்திரைகள் சிலவற்றில் சைலிற்றோல் என்ற இனிப்பூட்டி சேர்க்கப்படுகிறது. எமக்கு அது பற்களுக்கு நல்லது. நாய்க்கோ அது நஞ்சு; இரத்தத்திலுள்ள சீனியைச் சடுதியாக வீழ்த்தும், ஈரலையும் சிதைக்கக்கூடும். அந்தப் பெட்டியில் அப்பொருள் இருந்தது. நண்பர் அதை இன்னும் திறக்கவில்லை என்று அறிந்தபோது எமக்கு மூச்சு வந்தது.

மூன்றாவது, நாய்க்கென்றே செய்யப்பட்ட தூள். ஒரு கிராம் கொண்ட சிறு பைகளாக இருந்தது. எந்தரோகொக்கஸ் பீசியம் என்ற இனப்பெயரும், அதற்கடுத்து எஸ்எப் 68 என்ற குறியீடும் அச்சிடப்பட்டிருந்தன. இந்தக் குறியீடு முக்கியமானது. ஒரே இனத்துப் பற்றீரியாக்களிலும் கிளைவகைக்குக் கிளைவகை குணம் வேறுபடும். அல்போன்சோவும் கறுத்தக்கொழும்பானும் மாம்பழமே என்றாலும் ஒன்றல்ல என்பது போல. ஆய்வுகள் நடைபெறுவது குறிப்பிட்ட கிளைவகையின் மீதுதான். பியூரினா நிறுவனத்தின் போர்ட்டிபுளோராவில் இருப்பது இந்த எஸ்எப் 68. பையொன்றுக்கு நூறு மில்லியன் என்று கணக்குக் கூறப்படுகிறது. பில்லியனோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் பெரிய எண் என்பதால் அது சிறந்த மருந்தாகிவிடாது. பரிசோதிக்கப்பட்ட கிளைவகை, பரிசோதிக்கப்பட்ட அளவில் இருக்கிறதா என்பதே கேள்வி.

இடையில் ஒரு குறிப்பு. 2020 இல் விஞ்ஞானிகள் லக்ரோபசில்லஸ் என்ற பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துப் புதுப்பெயர்கள் சூட்டினர். ஆகையால் ஒரு பெட்டியில் பழைய பெயரும் இன்னொன்றில் வாயில் நுழையாத புதிய பெயரும் இருக்கலாம். இரண்டும் ஒன்றேயாக இருக்கக்கூடும். குழம்ப வேண்டியதில்லை.

சரி, இவை உண்மையில் வேலை செய்கின்றனவா? நாம் வாசித்தறிந்த வரையில், ஓரளவுக்கு என்பதே நேர்மையான பதில். நோர்வேயில் 2010 இல் 36 நாய்களிடம் செய்யப்பட்ட ஆய்வில், புரோபயோட்டிக் பெற்ற நாய்களின் வயிற்றோட்டம் சராசரி 1.3 நாளிலும், வெற்று மருந்து பெற்றவற்றுக்கு 2.2 நாளிலும் நின்றது. 2019 இல் அமெரிக்காவில் 60 நாய்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில் புரோபயோட்டிக்கும், வழமையாகக் கொடுக்கப்படும் மெற்றோனிடசோலும், வெற்று மருந்தும் ஒப்பிடப்பட்டன. மூன்றுக்கும் இடையில் புள்ளிவிபர ரீதியாகப் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. திடீர் வயிற்றோட்டம் பெரும்பாலும் தானாகவே சில நாட்களில் அடங்கிவிடும் என்பதே இதன் உட்பொருள். அதே மெற்றோனிடசோல், நோயற்ற நாய்களின் குடல் நுண்ணுயிர்களைக் கலைத்துவிடுவதையும், மருந்தை நிறுத்தி நான்கு வாரங்களின் பின்னரும் அவை முற்றாகச் சீரடையாததையும் 2020 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எனவே வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் நுண்ணுயிர்க்கொல்லியைத் தாமாகவே நாய்க்குக் கொடுக்கும் வழக்கம் எம்மவரிடையே இருந்தால் அதை இன்றே கைவிட வேண்டும். வைத்தியர் அதைக் கட்டாயம் என்று கூறினால், புரோபயோட்டிக்கைச் சில மணி நேரம் விலக்கிக் கொடுக்கலாம். சக்கரோமைசிஸ் புலார்டி என்ற வகை பற்றீரியா அல்ல, மதுவம்; அது பற்றீரியாவைக் கொல்லும் மருந்துக்கு மடியாது.

வெப்பத்தையும் மறந்துவிடலாகாது. 2020 ஜனவரி 4 ஆம் திகதி சிட்னியின் பென்ரித்தில் வெப்பம் 48.9 பாகையைத் தொட்டது. அத்தகைய நாளில் தபால் பெட்டியிலோ பூட்டிய காரிலோ கிடந்த தூளில் உயிருடன் எஞ்சியிருப்பது என்ன? நாம் அறிய ஒருவர் கோடை விடுமுறை முழுவதும் அதைக் காரின் முன்பெட்டியில் வைத்திருந்துவிட்டு, "மருந்து கேட்கவில்லை" என்று முறையிட்டார்.

நண்பரிடம் நாம் கூறியது, முதலில் மிருக வைத்தியரைப் பாருங்கள் என்பதே. மூன்று பெட்டிகளுக்குச் செலவிட்ட பணம் ஒரு தடவை வைத்தியரைப் பார்க்கும் கட்டணத்தை அண்மித்திருந்தது. வடக்கு மெல்பேர்ணில் உள்ள லோர்ட் ஸ்மித் மருத்துவமனை இலாப நோக்கற்றது. சலுகை அட்டை உடையோர் அங்கு கட்டணக் குறைப்புப் பற்றி விசாரிக்கலாம். அட்டை இல்லாதோரும் கேட்டுப் பார்ப்பதில் வெட்கமில்லை.

வைத்தியர் மலத்தைப் பரிசோதித்தார். புழுவோ ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியோ இல்லை என்றார். பின்னர் அவர் கேட்ட முதற்கேள்வி, "நாய் என்ன சாப்பிடுகிறது?" என்பது. பிஸ்கற் மட்டுமே என்று தந்தை கூற, மகள் முதன்முறையாக வாய்திறந்து, "அம்மம்மா கறி குடுக்கிறவா" என்றாள்.

அம்மம்மாவை நாம் நேரில் கண்டபோது அவர் மறுக்கவில்லை. "அது பாவம் தம்பி, வாயில்லாச் சீவன். வெறும் பிஸ்கற்றைத் திண்டுகொண்டு எத்தின நாளைக்கு இருக்கும்?" என்றார். ஆட்டிறைச்சிக் கறியின் கொழுப்பும், தேங்காய்ப் பாலும், வெங்காயமும், உள்ளியும் நாள்தோறும் சோற்றோடு கலந்து சென்றிருக்கின்றன. கொழுப்பு நாயின் சதையியை அழற்சியடையச் செய்யும். வெங்காயமும் உள்ளியும், பச்சையாயினும் சமைத்ததாயினும், செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். அதன் அறிகுறி சில நாட்கள் கழித்தே தெரியும் என்பதால் எவரும் கறியைச் சந்தேகிப்பதில்லை. கேசரியில் இடும், நாம் பிளம்ஸ் என்று அழைக்கும் உலர்ந்த முந்திரிகையும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. பொங்கல், தீபாவளி நாட்களில் இது குறித்துச் சிறப்பான கவனம் தேவை.

இதற்கு மறுதலையாக, இந்நாட்டில் பலர் செய்வது போல் பச்சைக் கோழிக்கழுத்தைப் போடுவதும் ஆபத்தற்றதன்று. மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தின் வெரிபீ மருத்துவமனை ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், நரம்பழற்சியால் திடீரெனக் கால்கள் செயலிழந்த நாய்களில் கம்பைலோபக்ரர் என்ற பற்றீரியா காணப்படும் வாய்ப்பு ஏனையவற்றிலும் 9.4 மடங்கு அதிகமாக இருந்தது. பச்சைக் கோழி இறைச்சியே அதன் மூலமாக இருக்கக்கூடும் என்பது அவர்களது முடிவு.

வைத்தியர் அறிவுறுத்தியபடி, தோல் நீக்கி அவித்த கோழியும் குழைந்த சோறும் சில நாள். பின்னர் ஒரே வகை உணவுக்குப் படிப்படியாக மாற்றம். கூடவே அந்த மூன்றாவது பெட்டித் தூளை நான்கு வாரம் கொடுத்துப் பார்க்கலாம், பயன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம் என்றார். எமது இந்தியக் கடைகளில் கிடைக்கும் இசப்கோல் உமியும் பெருங்குடல் சார்ந்த வயிற்றோட்டத்துக்குச் சில நாய்களில் உதவுகிறது. அளவை வைத்தியரிடமே கேட்க வேண்டும். மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, எழும்ப முடியாத சோர்வு, அல்லது தடுப்பூசி முடியாத குட்டி என்றால் தூளை நம்பி ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. பார்வோ வைரஸ் அத்தனை அவகாசம் தராது.

ஆறு வாரங்களின் பின் நாம் அவ்வீட்டுக்குச் சென்றோம். வயிற்றோட்டம் நின்று மூன்று வாரம் ஆகிறது என்றார்கள். அதை நிறுத்தியது தூளா, கறி நின்றதா என்று எம்மிடம் கேட்டால், கறி நின்றதே என்றுதான் சொல்வோம். தூள் ஓரளவு துணை செய்திருக்கலாம். தாய் காப்பகம் பற்றிப் பேசவில்லை. கம்பளத்தின் கறை மட்டும் இன்னும் போகவில்லை. அதற்கு என்ன போடலாம் என்று எம்மிடம் கேட்டார். அம்மம்மா அடுப்படியில் ஒரு சிறு சட்டியில், உப்பும் உள்ளியும் சேர்க்காமல், நாய்க்கென்று தனியாகச் சோறு குழைய வைத்துக்கொண்டிருந்தார். பேத்தி பக்கத்தில் காவல் நின்றாள்.