திறந்த வாயிலும் தகுந்த காவலும்

பொதுப்பொருளைப் பேணுதல் அரிய செயலாகும். ஓர் ஊரில் நூலகம் ஒன்று உள்ளது எனக் கொள்வோம். அங்குச் சென்று நூல்களைப் படிக்க அனைவர்க்கும் உரிமை உண்டு. ஆயினும், படிப்போர் ஒவ்வொருவரும் தம் மனம் போனவாறு நூலின் பக்கங்களில் எழுதவும், அடிக்கவும், கிழிக்கவும் தொடங்குவாராயின் அந்நூலகம் எத்தனை நாள் நிலைக்கும்? படிக்கும் உரிமை வேறு. எழுதும் உரிமை வேறு. எழுதியதை அழிக்கும் உரிமை வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்து, இன்னார்க்கு இன்ன உரிமை என வகுத்தலே பொதுப்பொருளைக் காக்கும் வழியாகும்.

கணினியில் தொகுத்து வைக்கப்படும் செய்திகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்க நாட்டிலுள்ள மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணினியைப் பலர் ஒரே காலத்தில் பயன்படுத்தும் முறை உருவாயிற்று. ஒருவருடைய கோப்பை மற்றொருவர் திறந்துவிடாதவாறு காக்க, அங்கே கடவுச்சொல் வழக்கிற்கு வந்தது. கடவுச்சொல் என்பது, 'நீ யார்?' என்னும் வினாவிற்கு விடையாகும். ஆனால், அவ்விடை மட்டும் போதாது. 'நீ எதைச் செய்யலாம்?' என்னும் இரண்டாம் வினா எஞ்சி நிற்கின்றது. அதற்கு மென்பொருள் கூறும் விடையே அணுகுரிமை எனப்படும். காணுதல், சேர்த்தல், திருத்துதல், நீக்குதல், பிறர்க்கு உரிமை வழங்குதல் என அணுகுரிமை படிப்படியாக உயர்ந்து செல்லும்.

இப்படிகள் ஏன் வேண்டும்? அவை எவ்வாறு அமைதல் வேண்டும்? விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தின் வரலாறு இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தருகின்றது.

இறுகப் பூட்டிய கதவு

விக்கிப்பீடியாவிற்கு முன்னோடியாக நூப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் ஒன்று இருந்தது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அது தொடங்கப்பெற்றது. துறை வல்லுநர்கள் எழுதவேண்டும். எழுதியதை மற்ற வல்லுநர்கள் ஆராயவேண்டும். ஏழு நிலைகளைக் கடந்த பின்னரே கட்டுரை வெளிவரவேண்டும். இவையே அதன் விதிகள். பிழை புகாமல் தடுக்க இதனினும் சிறந்த வேலி உண்டோ என்று எவரும் எண்ணுவர். ஆயினும் நிகழ்ந்தது யாது? 2003-ஆம் ஆண்டில் அது முடிவுற்றபோது, ஏழு நிலைகளையும் கடந்து வெளிவந்த கட்டுரைகள் முப்பதுக்கும் குறைவாகவே இருந்தன. வேலி வலிமையாக இருந்தது. ஆனால் வேலிக்குள்ளே பயிர் வளரவில்லை.

இக்குறையை நீக்கும் பொருட்டு சிம்மி வேல்சு, இலாரி சாங்கர் ஆகிய இருவரும் 2001-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் விக்கிப்பீடியாவைத் தொடங்கினர். படிப்போர் எவராயினும் அதில் எழுதலாம். பிறர் எழுதியதைத் திருத்தலாம். பெயரைப் பதியவும் வேண்டுவதில்லை. கதவு முற்றிலும் திறக்கப்பட்டது. முதலாண்டின் முடிவிலேயே ஏறத்தாழ 20,000 கட்டுரைகள் அதில் இடம்பெற்றன.

திறந்த கதவின் வழியே வந்த தீங்கு

கதவு திறந்திருப்பின் நல்லாரும் வருவர்; அல்லாரும் வருவர். 2005-ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் பெயரைப் பதியாத ஒருவர், சான் சீகெந்தாலர் என்னும் முதுபெரும் இதழாளரைப் பற்றி விக்கிப்பீடியாவில் சில வரிகள் எழுதினார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியும், அவர் தம்பி இராபர்ட்டு கென்னடியும் கொலையுண்ட நிகழ்ச்சிகளில் சீகெந்தாலருக்குத் தொடர்பு இருந்ததாக ஒரு காலத்தில் கருதப்பட்டது என்பதே அவ்வரிகளின் பொருள். அது முழுப் பொய். உண்மையில் சீகெந்தாலர், இராபர்ட்டு கென்னடியின் அருகிருந்து பணியாற்றியவர்; அவருக்கு நெருங்கிய நண்பர்; அவருடைய பிரேதப் பெட்டியைச் சுமந்து சென்றோருள் ஒருவர். நண்பனைப் பறிகொடுத்துத் துயருற்ற ஒருவர்மீது, அந்நண்பனின் கொலைப்பழியே சுமத்தப்பட்டது!

அப்பொய் நான்கு மாதங்களுக்கு மேல் எவராலும் நீக்கப்படாமல் நின்றது. அதே ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் வெளிவந்த நாளிதழ் ஒன்றில் சீகெந்தாலர் தம் மனவேதனையை எழுதினார். அதன் பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. பொய்யை எழுதியவர், தம்முடன் பணிபுரியும் ஒருவரிடம் வேடிக்கை காட்டுவதற்காகவே அவ்வாறு செய்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். ஒருவருக்கு வேடிக்கையாகத் தோன்றியது, மற்றொருவருக்கு வாழ்நாள் எல்லாம் ஈட்டிய நற்பெயரைக் குலைக்கும் நஞ்சாயிற்று.

படிப்படியாக வழங்கும் உரிமை

இந்நிலையில், மீண்டும் கதவை அடைத்துவிடலாமே என்று கருதுதல் இயல்பு. ஆனால், அடைத்த கதவின் பயனை நூப்பீடியாவில் முன்னரே கண்டோம். ஆதலின், முழுவதும் அடைக்காமலும் முழுவதும் திறந்துவிடாமலும், நம்பிக்கைக்கு ஏற்ப உரிமையை வழங்கும் நடுவழியை விக்கிப்பீடியர் தேர்ந்தனர். 2005-ஆம் ஆண்டு திசம்பர் மாதத்திலேயே, புதிய கட்டுரையைத் தொடங்கும் உரிமை பெயர் பதிந்தவர்க்கு மட்டுமே உரியதாக்கப்பட்டது. அடிக்கடி சிதைக்கப்படும் பக்கங்களைப் புதியவர்கள் திருத்த இயலாதவாறு காக்கும் முறையும் அப்பொழுதே தோன்றியது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இன்று அமைந்துள்ள படிகளை நோக்குவோம். பெயர் பதியாதவரும் பெரும்பாலான பக்கங்களில் எழுதலாம். பெயர் பதிந்து 4 நாள்கள் கழிந்து, 10 திருத்தங்களும் செய்தவர் அடுத்த படியை அடைவார். அவர் புதிய கட்டுரை தொடங்கலாம்; ஓரளவு காக்கப்பட்ட பக்கங்களிலும் எழுதலாம். 30 நாள்கள் கழிந்து, 500 திருத்தங்களையும் நிறைவு செய்தவர், கடும் பூசலுக்கு இடமான பக்கங்களையும் திருத்தலாம். இவ்விரு படிகளையும் மென்பொருளே எண்ணிப் பார்த்து வழங்கிவிடும். இவற்றிற்கும் மேற்பட்டவர் நிருவாகிகள். பக்கத்தை நீக்குதல், பூட்டுதல், தீங்கு செய்வோரைத் தடுத்தல் ஆகியவை அவர்தம் கடமைகள். இவ்வுயர்ந்த உரிமையை மென்பொருள் தானாக வழங்குவதில்லை. உடன் பணிபுரிவோர் அவருடைய செயல்களை ஆராய்ந்து, கலந்து பேசிய பின்னரே அது வழங்கப்படுகின்றது. சிறு தீங்கு விளைக்கவல்ல உரிமையை எண்ணிக்கை கொண்டு வழங்கலாம். பெருந்தீங்கு விளைக்கவல்ல உரிமையை மக்கள் ஆராய்ந்தே வழங்கவேண்டும் என்னும் நுட்பம் இதில் அடங்கியுள்ளது.

மற்றுமோர் அழகிய முறையும் உண்டு. புதியவர் ஒருவர் செய்தியைச் சேர்க்கலாம். ஆனால், பட்டறிவுடையவர் ஒருவர் பார்த்து ஒப்பும் வரையில் அது பொதுவாகப் படிப்போர் கண்ணுக்குத் தோன்றாது. செருமன் மொழி விக்கிப்பீடியா 2008-ஆம் ஆண்டிலேயே இம்முறையைத் தன் கட்டுரைகளுக்கு மேற்கொண்டது. ஆங்கில விக்கிப்பீடியா 2010-ஆம் ஆண்டில் இதனைச் சோதித்துப் பார்த்து, 2012-ஆம் ஆண்டு முதல் குறிப்பிட்ட சில பக்கங்களுக்கு மட்டும் நிலையாகக் கொண்டது. சேர்க்கும் உரிமையையும் வெளியிடும் உரிமையையும் தனித்தனியே பிரித்தமையால், வருபவரைத் தடுக்காமலே வரும் செய்தியைச் சோதிக்க முடிகின்றது.

காவலர்க்குக் காவல்

உயர்ந்த உரிமை பெற்றவர் தவறு செய்யின் யாது செய்வது? காவலரையும் காத்தல் வேண்டுமன்றோ? அதற்கு இரண்டு ஏற்பாடுகள் உள்ளன.

முதலாவது, மாற்றங்களின் பதிவேடு. விக்கிப்பீடியாவின் பக்கம் ஒவ்வொன்றிற்கும் வரலாறு உண்டு. எந்நாளில், எவ்வேளையில், எக்கணக்கிலிருந்து, எச்சொல் மாற்றப்பட்டது என்பது அதில் பதிவாகின்றது. பழைய வடிவமும் அழியாமல் நிற்கின்றது. பொய்யைக் கண்டறிந்தால், நொடிப்பொழுதில் பழைய வடிவத்தை மீட்கலாம். நிருவாகிகளின் செயல்களும் இவ்வாறே குறிப்பேட்டில் ஏறுகின்றன.

இரண்டாவது, ஒருவர் கையில் மட்டும் பேரதிகாரத்தை ஒப்படைக்காமை. ஒருவர் பல பெயர்களில் வந்து ஏமாற்றுகின்றாரா என்று அறிய, பயனர் கணக்குகளின் மறைவான செய்திகளைப் பார்க்கும் உரிமை மிகச் சிலருக்கே வழங்கப்படுகின்றது. ஒரு மொழி விக்கிப்பீடியாவில் இவ்வுரிமை உடையவர் குறைந்தது இருவர் இருத்தல் வேண்டும். அன்றேல் ஒருவரும் இருத்தலாகாது என்பது விதி. ஒருவர் செயலை மற்றவர் கண்காணிக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

1975-ஆம் ஆண்டில் செரோம் சால்ட்சர், மைக்கேல் சுரோடர் என்னும் அறிஞர் இருவர், கணினிச் செய்திகளின் பாதுகாப்பைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். ஒவ்வொருவர்க்கும் அவர்தம் பணிக்குத் தேவையான அளவு உரிமையே வேண்டும். அதற்குமேல் வேண்டா என்பது அவர்கள் வகுத்த நெறிகளுள் ஒன்று. ஒரு பெட்டகத்தை ஒரு சாவியால் திறப்பதினும் இரு சாவிகளால் திறப்பது பாதுகாப்பானது என்பது மற்றொன்று. மருத்துவமனைக் குறிப்பாயினும், வங்கிக் கணக்காயினும், பள்ளியின் மதிப்பெண் பட்டியலாயினும், பலர் கூடிச் செய்தி சேர்க்கும் இடங்களிலெல்லாம் இந்நெறிகளே துணை நிற்கின்றன. குறைந்த உரிமை பெறுதல் இழிவன்று. அது ஐயத்தின் அடையாளமும் அன்று. எல்லாச் சாவிகளையும் ஒருவரிடம் கொடுத்தால், அவர் செய்யாத தவற்றிற்கும் அவரே பழி ஏற்க நேரும். ஆதலின் உரிமைக்கு எல்லை வகுத்தல், உரிமையுடையவர்க்கும் காவலாகின்றது.

நம் கடமை

மாணவர்களே! தமிழ் விக்கிப்பீடியா 2003-ஆம் ஆண்டில் தோன்றியது. ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் இன்று அதில் உள்ளன. நும் ஊரின் ஏரியைப் பற்றியோ, நீவிர் அறிந்த பறவையைப் பற்றியோ ஆங்கு ஒரு செய்தியைச் சேர்க்க நுமக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையைக் கையாளும்போது, சான்று உள்ளதா எனப் பார்த்து எழுதுமின். ஒருவர் நற்பெயரைக் கெடுக்கும் சொல்லை விளையாட்டிற்கும் எழுதாதிருமின். மென்பொருள் வகுக்கும் காவல் வாயிலில் நிற்கும். வாயிலைக் கடந்த பின் நம்மைக் காப்பது நம் மனச்சான்றே. சிறிய உரிமையைச் செம்மையாகப் பயன்படுத்துவோரை நாடிப் பெரிய உரிமை தானே வந்து சேரும்.