உங்களுக்குத் தெரியுமா? தலையில் அடிபடாமலும் மூளை அதிரும்!

பாலே வகுப்பில் ஜோடியைத் தூக்கும்போது பிடி நழுவுகிறது. அவள் இடுப்பு அடிபட விழுகிறாள். தலை தரையைத் தொடவே இல்லை. ஆனாலும் கழுத்து வெடுக்கென்று பின்னுக்குப் போன வேகத்திலேயே மூளை அதிர்ந்திருக்கலாம். மருத்துவர்கள் ‘கன்கஷன்’ என்பது இதைத்தான். பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதில்லை, சி.டி. ஸ்கேனிலும் பொதுவாக எதுவும் தெரியாது.

நடன மாணவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. தலைசுற்றல் முக்கிய அறிகுறி. சுழன்று ஆடுகிறவர்களுக்கோ அது பழகிப்போன சமாச்சாரம். பார்வையை ஓரிடத்தில் நிறுத்தி, தலையைக் கடைசியில் வெட்டித் திருப்பித்தான் அவர்கள் சமாளிப்பார்கள். விழுந்த பிறகு அந்த வித்தை பலிக்கவில்லையா, நன்றாகத் தெரிந்த அசைவே மறக்கிறதா, மேடை விளக்கு கண்ணைக் குத்துகிறதா? நிகழ்ச்சி நாளைக்கே என்றாலும் ஒத்திகை அத்தோடு சரி.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2009-இல் இதற்குச் சட்டமே போட்டது: சந்தேகம் வந்தால் உடனே வெளியே, எழுத்தில் மருத்துவ அனுமதி வந்தால்தான் மறுபடி உள்ளே. ஆனால் அது இளம் விளையாட்டு வீரர்களை மனத்தில் வைத்து எழுதியது. நடனக் கூடத்தில் விசில் ஊத நடுவர் ஏது?

ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு நடை, அப்புறம் எளிய பயிற்சி; சுழற்சியும் தூக்கலும் கடைசியில், மருத்துவர் சரி என்ற பிறகு. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு என்றால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு.