வாடைக்காற்று நாளின் வரவு செலவு: லூசியானா ரெட்ஃபிஷ் தூண்டில் கணக்கு

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வெனிஸ், ஹோப்டேல், டெலக்ரோ போன்ற படகுத்துறைகளில் கேப்டனோடு ஒரு நாள் தூண்டில் போடப் போகப் படகுக்கு ஏறத்தாழ 600 முதல் 900 டாலர் வரை ஆகிறது. இரண்டு பேர், 700 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கேப்டனுக்கு 20 விழுக்காடு அன்பளிப்பு 140 டாலர். ஆக 840.

தேடிப் போகும் மீன் ரெட்ஃபிஷ். நம் கரையில் விற்கும் கத்தாழை, பன்னா வகைகளின் குடும்பம்தான். வால் அடியில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். சட்டப்படி ஆளுக்கு 4 மீன். 20 அங்குல மீன் சுமார் 1.4 கிலோ நிற்கும். இருவருக்கும் முழு அளவு கிடைத்தால் 8 மீன், ஏறத்தாழ 11 கிலோ. இந்த மீனுக்குத் தலை பெரிது; தோலும் முள்ளும் நீக்கிய சதை மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால் 3.7 கிலோ. கிலோவுக்கு 227 டாலர் விழுகிறது. காற்று முரண்டு பிடித்து மூன்றே மீன் ஏறினால், சதை 1.4 கிலோ, விலை கிலோ 600 டாலர்.

மீனை எடை போட்டு இந்தப் பயணத்தை விலை பேசுவது தப்பான கணக்கு என்பது என் உறுதியான எண்ணம். காசு எங்கே போகிறது என்று தெரிய, மூன்று மீன் நாளைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். இந்தக் கரையில் பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஏற்றம், ஒரே வற்றம். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் சராசரியாக 30 சென்டிமீட்டர் அளவுதான். குளிர்காலத்தில் ஏறத்தாழ வாரம் ஒருமுறை வடக்கிலிருந்து குளிர் இறங்கும். பின்னால் வரும் வாடைக்காற்று சதுப்பிலிருந்து 30 முதல் 60 சென்டிமீட்டர் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளிவிடும். நிலவு செய்வதைவிட அதிகமான வேலையைக் காற்று செய்கிறது. 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள குட்டையில் முந்தின நாள் வால் தெரிய மேய்ந்த மீன், மறுநாள் அங்கே இருக்க வழியே இல்லை, மிஞ்சியது சேறு. அது போயிருக்கும் இடம் ஓடை வளைவின் பள்ளம், அல்லது எண்ணெய் நிறுவனங்கள் எப்போதோ வெட்டிய கால்வாயின் அடி. ஓதப் பட்டியலைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் குட்டை எந்த வாய்க்கால் வழியே வடியும் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துவைத்தவருக்குத்தான் தெரியும். 700 டாலரில் பெரும்பங்கு இந்த அறிவுக்கான விலை.

அடுத்தது காற்றின் வேகம். 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) காற்று 20 நாட் ஆனால் படகின் மேல் விழும் தள்ளல் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். கழி ஊன்றிப் படகை நகர்த்துவது அத்தோடு முடிந்தது. முன்பக்க மின்மோட்டாரின் பேட்டரி சீக்கிரம் இறங்கும். தண்ணீர் கலங்கிப்போகும், மீனைக் கண்ணால் பார்த்து எறிகிற ஆட்டமும் போச்சு. அப்போது உத்தி மாறுகிறது. சத்தம் எழுப்பும் தக்கை, அதற்குக் கீழே 45 முதல் 75 சென்டிமீட்டர் நரம்பு, முள்ளில் இறால். கலங்கல் நீரில் மீன் வாசனையையும் அதிர்வையும் வைத்தே இரை தேடும். ஒரே பள்ளத்தில் அரை மணி நேரம் பொறுத்திருப்பதா, கிளம்புவதா என்ற முடிவில்தான் அந்த நாள் அடங்கியிருக்கிறது.

கேப்டன் தரப்புக் கணக்கை உத்தேசமாகப் போடுகிறேன். 15 கேலன் பெட்ரோல், கேலன் 3.50 வீதம் சுமார் 52 டாலர். இறால், பனிக்கட்டி 50. எஞ்சினோடு சேர்த்து 80,000 டாலர் படகை 8 ஆண்டு, ஆண்டுக்கு 150 பயணம் ஓட்டினால், தேய்மானம் பயணத்துக்கு 67. கையில் நிற்பது 531. காப்பீடு, பழுது, வரி இனிமேல்தான். வேலையோ விடியுமுன் தொடங்கி மீன் வெட்டிக் கொடுத்து படகு கழுவும்வரை 11 மணி நேரத்துக்குக் குறையாது. நான்கு நாளில் ஒன்றை வானிலைக்காக ரத்து செய்தால் சராசரி 398 ஆக இறங்குகிறது. ரத்து செய்யத் துணிகிற கேப்டன் சொந்தப் பணத்தை விட்டுத்தான் நம் உயிரைக் காக்கிறார். படகு ஓட்டும் உரிமத்துக்கே அமெரிக்கக் கடலோரக் காவல்படை 360 நாள் கடல் அனுபவம் கேட்கிறது. மூன்று மீன் நாளில் அந்த 140 டாலரைக் குறைத்துக் கொடுப்பவர்களை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை; அன்றைக்குத்தான் அவர் அதிகம் உழைத்திருக்கிறார்.

எந்தப் பற்றுச்சீட்டிலும் ஏறாத செலவு ஒன்று உண்டு. காற்று நாளில் ஒதுங்க இடம் கொடுப்பது கோரைப்புல் திட்டுகள். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் கணக்குப்படி 1932 முதல் 2016 வரை லூசியானா கரை இழந்த நிலம் 4,833 சதுர கிலோமீட்டர், 1932இல் இருந்ததில் ஏறத்தாழ கால்வாசி. மிசிசிப்பி ஆற்றைக் கரை எழுப்பி அடக்கியதால் வண்டல் வரத்து நின்றது, கால்வாய்கள் உப்புநீரை உள்ளே கொண்டுவந்தன, நிலமும் அமிழ்கிறது. 2010க்குப் பிறகு வேகம் குறைந்தும், 100 நிமிடத்துக்கு ஓர் அமெரிக்கக் கால்பந்து மைதானம் என்ற கணக்கில் போனது. அந்த வேகத்தில் 8 மணி நேரப் பயணத்துக்குள் ஏறக்குறைய 5 மைதானம். திட்டு கரைந்தால் காற்றுக்கு ஓடுதளம் நீள்கிறது, அலை வளர்கிறது, மிச்சத் திட்டும் உடைகிறது. கடினமான நாட்களில் ஒரு பகுதி நாமே உண்டாக்கியது.

மீனின் கணக்குக்கு வருவோம். 1980களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் புருதோம் மசாலா பூசிக் கருக வறுத்த ரெட்ஃபிஷ் நாடெங்கும் பரவி, வலைகள் கூட்டம் கூட்டமாக முதிர்ந்த மீனை அள்ளின. லூசியானா 1988இல் வணிகப் பிடிப்பை நிறுத்தியது. இன்று உணவகத் தட்டில் இருப்பது பெரும்பாலும் பண்ணை மீன். தூண்டில்காரர்களுக்கு அப்போது வைத்த அளவு ஆளுக்கு 5, குறைந்தது 16 அங்குலம், 27ஐத் தாண்டியது ஒன்று. கேப்டனும் நான்கு பேரும் போனால் 25 மீன், அதில் 5 பெரியவை. 2024 ஜூன் 20 முதல் ஆளுக்கு 4, நீளம் 18 முதல் 27 அங்குலம், பெரியது கிடையாது, கேப்டனுக்குப் பங்கு இல்லை. அதே படகுக்கு இப்போது 16. இந்த 36 விழுக்காட்டுக் குறைப்பை நான் மனதார வரவேற்கிறேன். சதுப்பில் மூன்று நான்கு ஆண்டு வளர்ந்து கடலுக்குப் போகும் மீன் 40 ஆண்டுகூட வாழ்ந்து முட்டையிடும்.

திருப்பி விட்டதெல்லாம் பிழைப்பதும் இல்லை. அட்லாண்டிக் கரை ஆய்வுகள் விடுபட்ட மீனில் 8 விழுக்காடு சாவதாகக் கொள்கின்றன. 25 விட்டால் 2 போகும். வட்ட முள் போட்டால் தொண்டைக்குள் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும். 40 அங்குல மீன் சுமார் 13 கிலோ. தாடையைப் பிடித்துத் தொங்கவிட்டால் அத்தனை எடையும் ஒரு மூட்டில் விழும். நனைந்த கையால் வயிற்றையும் வாலையும் தாங்கி, நீருக்கு மேலே கிடையாக ஏந்தி, படம் ஒன்று எடுத்ததும் விட்டுவிட வேண்டும்.