எடைக்குப் போட்ட மோகனாம்பாள்!

காய்கறிப் பையில் கத்தரிக்காய்க்கு அடியில் புத்தகத்தை ஒளித்து வீட்டுக்குள் கொண்டுவந்த அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? எனக்கு உண்டு. ஒரு முறை அல்ல, பல முறை! கல்யாணமான புதிதில் மாமியாருக்குப் பயந்து, அப்புறம் இவருக்குப் பயந்து. இப்போது மருமகளும் வந்தாச்சு. "அலமாரியில இடமே இல்லையே அத்தை" என்று சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள். ஆனாலும் பழக்க தோஷம், பை இன்னமும் கொல்லை வழியாகத்தான் உள்ளே வருகிறது.

புடவைக் கடையில் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. புத்தகக் கடையில் அரை மணி நின்றால் மட்டும், "வீட்டில் இருக்கறதையெல்லாம் படிச்சு முடிச்சாச்சா?" என்று ஒரு கேள்வி! வாங்குவது வேறு, படிப்பது வேறு என்று இவருக்கு நாற்பது வருஷமாக விளக்கிப் பார்த்துவிட்டேன். விளங்கவில்லை.

இந்தப் பைத்தியம் அம்மா எனக்குக் கொடுத்த சீர். அம்மா எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் கும்பகோணத்தில் எங்கள் தெருவில் அவளுக்குப் 'பத்திரிகைக்காரி' என்றே பெயர். 'பொன்னியின் செல்வன்' கல்கியில் 1950-இலிருந்து 1954 வரை வந்தபோது அவளுக்குத் தாவணி வயசு. வாரா வாரம் பெட்டிக் கடை வாசலில் தம்பியைக் காவலுக்கு நிறுத்தி வைப்பாளாம்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு படி மேலே போய், தொடர்கதைகளைச் சேர்த்து பைண்டு பண்ண ஆரம்பித்தாள். இளைய தலைமுறைக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. பத்திரிகையின் நடுவில் இருக்கும் பின்னை நிமிர்த்தி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழியாமல் எடுத்து, வார வரிசைப்படி அடுக்கி, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுப்பார்கள். அவர் ஊசியும் நூலுமாகத் தைத்து, முதுகுக்குக் காலிக்கோ துணி ஒட்டி, அட்டை போட்டுத் தருவார். பசையில் மயில்துத்தம் கலந்தாரா என்று கேட்காமல் அம்மா காசு தர மாட்டாள். துத்தம் இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சி ஒரே மழைக்காலத்தில் கதையை முடித்துவிடுமே!

அந்தப் பைண்டுகளில் ஒரு வேடிக்கை உண்டு. கதைப் பக்கத்தின் பின்பக்கம் என்ன இருந்ததோ அதுவும் கூடவே வந்துவிடும். கதாநாயகி கண்ணீர் விடுகிற இடத்தைத் திருப்பினால் ஒரு டாக்டர் ஜோக். அடுத்த தாளில் சோப்பு விளம்பரம். அதற்கும் பின்னால் யாரோ எழுதிய சிறுகதையின் பிற்பாதி. முற்பாதி என்ன என்று நான் இன்று வரை யோசித்துக்கொண்டிருக்கிற சிறுகதைகள் நாலைந்து உண்டு. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே இதில்தான்.

அம்மாவின் உயிர் 'தில்லானா மோகனாம்பாள்' பைண்டில் இருந்தது. 1957-58-இல் கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் விகடனில் எழுதியது, படங்கள் கோபுலு. 1968-இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக எடுத்தார். ஊரே திரண்டு போனது, நாங்களும் போனோம். எனக்குப் பதினோரு வயசு. நாகேஷின் வைத்தியையும், பாலையாவின் தவிலையும், மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியையும் பார்த்துவிட்டு நான் தரையில் கால் பாவாமல் திரும்பினேன். அம்மா மட்டும் வாயே திறக்கவில்லை. ராத்திரி தயிர் சாதம் பிசையும்போதுதான் சொன்னாள்: "சிவாஜியும் பத்மினியும் நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா இனிமே நான் படிக்கும்போது கோபுலு போட்ட முகம் வராதேடி."

அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு எத்தனையோ கதைகளைப் படித்துவிட்டுப் படமாகப் பார்த்து, பார்த்துவிட்டு மறுபடி படித்து, அவள் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்துகொண்டேன். ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' கங்காவுக்கு எனக்கென்று ஒரு முகம் இருந்தது. 1977-இல் படம் வந்த பிறகு நடிகை லட்சுமியைத் தவிர வேறு முகம் வரமாட்டேன் என்கிறது. அவர் பிரமாதமாகத்தான் நடித்தார், அதை மறுக்கவில்லை. ஆனால் என் கங்கா எங்கே போனாள்?

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், சின்னக் கதையைப் படமாக எடுப்பதுதான் புத்திசாலித்தனம். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' சின்னப் புத்தகம். அதிலிருந்து ஒரு பொறியை எடுத்துக்கொண்டு 1979-இல் மகேந்திரன் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். கதையும் பிழைத்தது, படமும் பிழைத்தது. இரண்டு பாகம், ஐந்து பாகம் என்று இருப்பதை மூன்று மணி நேரத்தில் அடைக்கப் பார்த்தால், ஆழாக்கில் அண்டாவைக் கவிழ்க்கிற கதைதான்.

சரி, மனசில் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணமானபோது அம்மா பதினோரு பைண்டுகளையும் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினாள். 1991-இல் சென்னையில் வாடகை வீடு மாற்றினோம். புது வீடு இரண்டாவது மாடி, பரண் கிடையாது, கைக்குழந்தை வேறு. "இந்தக் குப்பையையும் தூக்கிக்கிட்டு வரணுமா?" என்று இவர் ஒரு வார்த்தை கேட்டார். பழி அவர் மேல் இல்லை, தராசில் எடுத்து வைத்தவள் நான்தான். பழைய பேப்பர்காரர் கொடுத்தது 34 ரூபாய். மேலே கொஞ்சம் போட்டு ஓர் எவர்சில்வர் தூக்கு வாங்கினேன். அதில்தான் இன்றைக்கும் மோர் ஊற்றி வைக்கிறேன்.

ஆறே மாதத்தில் மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. மூர் மார்க்கெட் இருந்திருந்தால் அங்கே போய்த் தேடியிருப்பேன். அதுதான் 1985 மே மாதமே எரிந்துபோயிற்றே! நான் புத்தகம் வாங்கிக் குவிக்கத் தொடங்கியது அப்புறம்தான். 'தில்லானா மோகனாம்பா'ளைப் புத்தகமாகவே மூன்று தடவை வாங்கியிருக்கிறேன். கதை அதேதான். பின்பக்கத்து டாக்டர் ஜோக்குக்கு எங்கே போவது?

அம்மா பைண்டுகளைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

2022-இல் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் படமாக வந்தபோது, 86 வயசு அம்மாவைக் கையைப் பிடித்துத் தியேட்டருக்கு அழைத்துப் போனேன். மணியம் போட்ட நந்தினியை இந்தப் படமும் அழித்துவிடுமே என்று அவள் முனகுவாள் என எதிர்பார்த்தேன். அவள் சொன்னதோ வேறு: "ஏண்டி, எல்லார் முகமும் நடுவில அழிச்சாப்பல இருக்கே, படம் சரியில்லையா?" கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். அதே கதைதான்.

மறுநாளே கண் டாக்டரிடம் போனோம். வயசானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகிற வியாதி என்றார். ஓரப் பார்வை இருக்கும், தூணில் முட்டாமல் நடப்பார்கள். எழுத்தும் முகமும்தான் போய்விடும். கண்புரை மாதிரி ஆபரேஷன் செய்து சரியாக்க முடியாதாம். வீட்டில் பெரியவர்கள் இருக்கிற சகோதரிகள் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியையோ காலண்டர் கட்டத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மற்றக் கண்ணையும் மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ, நடுவில் இருட்டுத் திட்டு இருந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். இதில் ஒரு வகைக்குக் கண்ணில் ஊசி போட்டு மேலும் கெடாமல் தடுக்கலாமாம். அம்மாவுக்கு வந்தது மெதுவாகத் தேய்கிற வகை. போன பார்வை போனதுதான்.

வாழ்நாள் முழுக்க படித்தவளுக்கு எழுத்து இல்லையென்றால் என்ன செய்வாள்? பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். பேரன் கைபேசியில் ஒலிப்புத்தகம் வைத்துக் கொடுத்தான். "குரல் நல்லாருக்கு, ஆனா நடுவில நிறுத்தி ஒரு கேள்வி கேக்க முடியலையே" என்றாள். அதனால் தினமும் ராத்திரி எட்டரைக்கு நான் வாசிக்கிறேன், அவள் கேட்கிறாள். 'மோகனாம்பாள்' முடிய நாலு மாதம் ஆயிற்று. நான் ஒரு பத்தியைத் தாண்டினால் கண்டுபிடித்துவிடுவாள். "இந்த இடத்தில ஒரு படம் உண்டு" என்று நிறுத்துவாள். அப்போதெல்லாம் நெஞ்சில் சுருக்கென்று ஏதோ குத்தும்.

சென்ற வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவல்லிக்கேணி பாரதி சாலையில் நடைபாதைப் பழைய புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருந்தேன். காலிக்கோ முதுகோடு ஒரு பைண்டு. பிரித்தால் சிக்கல் சண்முகசுந்தரம்! முதல் சில வாரங்கள் இல்லை. முன் தாளில் யாரோ ஒரு பெண்ணின் பெயர், 1958 என்று வருஷம். 900 ரூபாய் சொன்னார், 700-க்கு முடித்தேன். இந்த முறை கத்தரிக்காய் இல்லாமல் வாசல் வழியாகவே வந்தேன்.

அம்மா மடியில் வைத்தேன். முதுகைத் தடவிப் பார்த்தாள், விரலால் தையலை எண்ணினாள். "இது நம்முது இல்லை. நம்முது நாலு தையல்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. 34 ரூபாய் கதையை அப்போதுதான் சொன்னேன். அம்மா அசையவே இல்லை.

"அந்தத் தூக்கு வாங்கினப்பவே தெரியும்டி. உன் புது வீட்டுக்கு வந்தப்போ டிரங்குப் பெட்டியில அரிசி கொட்டி வெச்சிருந்தியே!"

"ஏம்மா ஒண்ணுமே கேக்கலை?"

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கேக்கறது? உங்க அப்பாயி ஒரு பொட்டி வெச்சிருந்தாங்க. பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலைன்னு. அவங்க போனப்புறம் நான்தான் வெந்நீர் அடுப்புக்குப் போட்டேன். பழம் பஞ்சாங்கம்னு நெனச்சேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவளே, "சரி, அந்தப் பொண்ணோட பைண்டுதான் வந்திருக்கே, படி. பின்பக்கம் என்ன போட்டிருக்குன்னு அதையும் சேர்த்துப் படி" என்றாள். டாக்டர் ஜோக்கையும் சோப்பு விளம்பரத்தையும்கூட விடாமல் படித்துக்கொண்டிருக்கிறோம். பாதியில் நிற்கும் சிறுகதைகளுக்கு அம்மா சொல்லும் முடிவுகள் தனி ரகம்.

நேற்று படுக்கப் போகும்போது கேட்டாள்: "அந்தப் பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை இப்பவும் கிடைக்குதாடி?"

வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன். இவருக்கு இன்னும் தெரியாது.