கட்சிக்கு ஒரு ஓட்டு, கோரிக்கைக்கு ஒரு ஓட்டு

2020 நவம்பர் 3. ஃப்ளோரிடா மாநில வாக்குச்சீட்டில் அதிபர் வேட்பாளர்களின் பெயரோடு கட்சியின் பெயரும் இருந்தது. அதே சீட்டில் இன்னொரு கேள்வி: மணிக்கு 8.56 டாலராக இருக்கும் குறைந்தபட்சக் கூலியைப் படிப்படியாக 15 டாலராக உயர்த்தலாமா? அதற்குப் பக்கத்தில் எந்தக் கட்சியின் பெயரும் இல்லை. 15 டாலர், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜோ பைடன் கொடுத்திருந்த வாக்குறுதி. கூலி உயர்வுக்குக் கிட்டத்தட்ட 61 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். ஆனால், 51 சதவீத வாக்குகளுடன் மாநிலத்தை வென்றவர் குடியரசுக் கட்சியின் டிரம்ப்!

அரசியல் அறிஞர் ஜான் பெட்ரோசிக் 1996-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இங்கே நினைவுக்கு வருகிறது. மருத்துவம், முதியோர் நலன் என்றால் ஜனநாயகக் கட்சி. வரி, குற்றத்தடுப்பு, ராணுவம் என்றால் குடியரசுக் கட்சி. மக்கள் மனதில் இப்படிப் பங்கு பிரிந்து கிடக்கிறது. வேட்பாளர் யார் மனதையும் மாற்ற மெனக்கெட வேண்டாம். தன் கட்சி பேர் வாங்கிய விஷயத்தையே ஊரெல்லாம் பேச வைத்தால் போதும் என்பது அவர் வாதம்.

அந்தப் பேர் சில சமயம் கைகொடுக்கும், சில சமயம் காலை வாரும். 2010-ல் ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். அந்த ஆண்டே பிரதிநிதிகள் சபையில் அவர் கட்சி 63 இடங்களை இழந்தது. 2017 ஜூலையில் அந்தச் சட்டத்தை நீக்க குடியரசுக் கட்சி முயன்றது. நள்ளிரவு தாண்டி செனட்டுக்குள் வந்த அக்கட்சியின் ஜான் மெக்கெயின், கட்டைவிரலைக் கீழே காட்டிவிட்டுப் போனார். 49-51, மசோதா தோற்றது. கையில் இருப்பது பறிபோகும் என்றானதும் மக்களுக்கு அதன் அருமை தெரிந்தது. மறு ஆண்டு அதையே பேசி ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையைப் பிடித்தது.

இன்றைய இரு துருவ அரசியலில் கட்சிக்காரருக்குத் தன் கட்சிதான் எல்லாவற்றிலும் உசத்தி. நற்பெயர் அசைப்பது மதில்மேல் நிற்கும் சிலரை மட்டுமே. அது போதாதா என்றால், சில இடங்களில் போதும்தான்: 2020-ல் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து பைடனுக்கும் டிரம்ப்புக்கும் இடையே வித்தியாசம் 43,000 வாக்குகள்கூட இல்லை.

மிசௌரி மாநிலத்தில் அந்த நற்பெயரும் எடுபடவில்லை. 2024-ல் அங்கே 15 டாலர் கூலிக்கும் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்புக்கும் சுமார் 58 சதவீத ஆதரவு. டிரம்ப்புக்கும் ஏறக்குறைய அதே அளவு. அன்றைக்கே சட்டமன்றத்தையும் குடியரசுக் கட்சியிடம் ஒப்படைத்தார்கள். மறு ஆண்டே அந்தச் சட்டமன்றம் நோய் விடுப்பை ரத்து செய்தது.