தோற்கழிவிலிருந்து எரிபொருள்

ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்கு ரயிலில் வருகிறவர், ஜன்னலை இறக்கிவிட்டிருந்தாலும், தோல் பதனிடும் தொழிலின் வாடையை உணராமல் வந்து சேர்வது அரிது. சுண்ணாம்பில் ஊறிய தோலின் உட்புறத்திலிருந்து வழித்தெடுக்கப்படும் ஜவ்வும் கொழுப்பும் அவ்வாடைக்கு ஒரு முக்கிய காரணம். வெளுத்து, கொழகொழவென்று, தொட்ட கையை எளிதில் விடாத இக்கழிவிலிருந்து டீசலோடு கலப்பதற்குரிய எரிபொருளைச் செய்யலாம் என்பது ரசாயன சாஸ்திரம் காட்டும் வழி.

டீசலில் இருப்பவை பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனுமே. எரிவதற்கு வேண்டிய பிராணவாயு முழுவதும் வெளிக்காற்றிலிருந்தே வரவேண்டியிருப்பதால், காற்று போதாத இடத்தில் அது அரைகுறையாக எரிந்து கரும்புகையாகிறது. கொழுப்பையும் மெதனாலையும் சேர்த்துப் பெறும் எஸ்டரோ, கட்டுச்சோற்றுடன் புறப்பட்ட யாத்ரிகனைப் போல, தன் எடையில் ஏறக்குறைய 11 சதவீதம் பிராணவாயுவைத் தன்னுள்ளேயே கொண்டது. உஷ்ணம் சற்றுக் குறையும், புகையும் குறையும்.

சூட்சுமம் வினையூக்கியில் இருக்கிறது. சுத்தமான எண்ணெய்க்குக் காஸ்டிக் சோடா போதும். நாள்பட்டுச் சிதைந்து அமிலமேறிய தோற்கொழுப்பில் அதையே இட்டால் கிடைப்பது சோப்புதான். ஆகவே முதலில் கந்தக அமிலத்தைத் துணைகொண்டு அக்கொழுப்பமிலங்களை எஸ்டராக்கி, எஞ்சிய அமிலம் ஓரிரு சதவீதத்துக்கு இறங்கிய பின்னரே காரத்தைச் சேர்க்கிறார்கள். இறுதியில் இரண்டின் மிச்சத்தையும் போக்க எண்ணெயை நீரால் கழுவவேண்டும். அந்தக் கழுநீர் எங்கே போகும் என்று பாலாற்றங்கரைக்காரன் கேட்காமல் இருக்கமாட்டான்.

அவன் கேள்வி நியாயமானதே. அமெரிக்காவில் பெட்ரோலுக்குப் பிராணவாயு சேர்ப்பதற்காக, ஐசோபியூட்டீனையும் மெதனாலையும் அமிலப் பிசின் மணிகளின்மீது இணையச் செய்து எம்.டி.பி.இ. என்னும் திரவத்தை ஏராளமாக உற்பத்தி செய்தார்கள். வினையூக்கி தன் காரியத்தைச் செவ்வனே செய்தது. பண்டமோ தொட்டிகளிலிருந்து கசிந்து நிலத்தடி நீரில் கலந்ததால், 1996இல் சாண்டா மோனிகா நகரம் குடிநீர்க் கிணறுகளை மூட நேர்ந்தது. பாலாற்றை மாசுபடுத்திய தோல் தொழிற்சாலைகளைப் பற்றி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே 1996 ஆகஸ்டில்தான்.

அத்தகைய பிசின் மணிகளையே தோற்கொழுப்பின் முதற்கட்டத்துக்கும் பயன்படுத்தலாம். கரையாத திடப்பொருளாகையால் வடிகட்டி மீண்டும் எடுத்துக்கொள்ளலாம், கழுநீரும் குறையும். ஆனால் கொழுப்பிலுள்ள ஈரமும் அழுக்கும் சுண்ணாம்பும் அவற்றின் வீரியத்தைக் கெடுத்துவிடுமாதலால், கழிவை முன்னதாக அமிலமிட்டு உருக்கி, வடித்து, உலர்த்தியாக வேண்டும். அச்செலவை ஏற்கும் முதலாளி ஒருவர் முன்வந்தால், மற்றவை ரசாயனிக்குக் கைவந்த வேலையே.